பவுனும் இறாத்தலும்: ரோமானிய அளவைகளின் நீண்ட பயணம்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இலக்கியக் கூட்டத்தில் எடைக்கல்லையும் படியையும் பற்றிப் பேச வந்திருப்பது சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அளவை என்பது முதலில் ஒரு சொல். "ஒரு படி" என்று நான் சொன்னால், நான் நினைக்கும் படியும் நீங்கள் நினைக்கும் படியும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாவிட்டால் சந்தை நடக்காது, வரி வசூலாகாது, நிலத்துக்கு எல்லை இருக்காது. அந்த ஒப்புதலை உண்டாக்குவது யார்? அது எவ்வளவு காலம் நிற்கும்? இந்த இரண்டு கேள்விகளுக்காக நான் எடுத்துக்கொண்ட உதாரணம் பண்டைய ரோம்.

பொம்பேயின் கல்மேசை

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பொம்பேய் நகரத்தின் பொதுச்சதுக்கத்தில் ஒரு கல்மேசை இருந்தது. மூலக்கல் இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வெவ்வேறு அளவுகளில் வட்டமான குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு துளை. துளையை அடைத்துக்கொண்டு சரக்கைக் குழி நிறையக் கொட்டுவார்கள். அடைப்பை எடுத்தால் அளந்த சரக்கு கீழே வைத்த பாத்திரத்தில் விழும். வியாபாரியின் அளவில் சந்தேகம் வந்தால் இங்கே வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த மேசையை ரோமானியர்கள் செய்யவில்லை. அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் ஆஸ்கன் மொழி பேசினார்கள். குழிகளின் அருகே அளவைகளின் பெயர்கள் ஆஸ்கனில் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 80இல் ரோமானியத் தளபதி ஸுல்லா தன் படைவீரர்களை அந்த நகரத்தில் குடியேற்றினார். கி.மு. 20 வாக்கில், நகரத்தின் இரண்டு அதிகாரிகள் நகரமன்றத் தீர்மானத்தின்படி அளவைகளைச் சமப்படுத்தியதாக அதே கல்லில் லத்தீனில் எழுதிவைத்தார்கள். பழைய ஆஸ்கன் பெயர்கள் சுரண்டி அழிக்கப்பட்டன. குழிகள் இன்னும் பெரிதாகக் குடையப்பட்டன.

"சமப்படுத்துதல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். எதற்குச் சமம்? ரோமுக்குச் சமம். ஒரு நகரம் தன் படியை இழக்கும்போது தன் சொற்களில் சிலவற்றையும் இழக்கிறது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொம்பேயில் எண்ணெய் வாங்கிய மனிதர் ரோமில் எண்ணெய் வாங்கினாலும் இனி அளவு மாறாது. ஆதிக்கமும் நியாயமும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அளவைகளின் வரலாறு முழுக்க இந்த இரட்டைத்தன்மை உண்டு.

விரலும் பாதமும்

ரோமானிய நீட்டலளவையின் அடிப்படை பெஸ், அதாவது பாதம். நாமும் அடி என்றே சொல்கிறோம். ஏறத்தாழ 29.6 சென்டிமீட்டர். இதை இரண்டு விதமாகப் பிரித்தார்கள். ஒன்று உடல்வழி: 16 விரற்கடை, 4 உள்ளங்கை அகலம். விரல், சாண், முழம் என்று வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. மற்றொன்று கணக்குவழி: ஓர் அடியை 12 சம பாகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் உன்கியா என்றார்கள்.

உன்கியா தனக்கென ஓர் அளவு உடையதல்ல. பன்னிரண்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அடியின் உன்கியா உண்டு, எடையின் உன்கியா உண்டு, ஒரு சொத்தில் வாரிசு பெறும் பங்கையும் உன்கியாவில் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் இன்ச் வந்தது, அவுன்ஸும் வந்தது. ஒன்று நீளம், ஒன்று எடை. இரண்டும் எப்படி உடன்பிறப்புகள் ஆனார்கள் என்பதற்கு விடை அந்தப் பன்னிரண்டில் இருக்கிறது.

எடைக்கு லிப்ரா. இன்றைய கணக்கில் சுமார் 327 கிராம். அதில் 12 உன்கியா. லிப்ரா என்றால் தராசு என்றும் பொருள். முகத்தலளவைக்கு அம்போரா: ஓர் அடி நீளம், அகலம், ஆழம் கொண்ட கனசதுரத்தின் கொள்ளளவு, ஏறத்தாழ 26 லிட்டர். அதில் 48 செக்ஸ்தாரியுஸ். ஆக நீளத்திலிருந்தே கொள்ளளவு பிறந்தது. இந்த அம்போராவின் மூலமாதிரி ரோமின் கேபிடோல் குன்றில், யூப்பிட்டர் கோயிலில் வைக்கப்பட்டிருந்தது. கடவுளே காவல் இருந்தால் கலத்தைத் தேய்க்க யாருக்குத் துணிவு வரும்?

ஆயிரம் நடை

ரோமானியர்களுக்கு ஒரு நடை என்பது நாம் எண்ணுவது போல ஒரு எட்டு அல்ல. இடதுகால் பதிந்த இடத்திலிருந்து மறுபடியும் இடதுகால் பதியும் இடம்வரை ஒரு பாஸுஸ். அதாவது 5 அடி. அப்படி ஆயிரம் நடை சேர்ந்தால் மில்லே பாஸுஸ், 5000 அடி, சுமார் 1480 மீட்டர். மில்லே என்றால் ஆயிரம். மைல் என்ற சொல் அந்த ஆயிரம்தான்.

கி.மு. 123இல் மக்கள் தீர்ப்பாயராக இருந்த காயுஸ் கிராக்கஸ், சாலைகளை மைல் கணக்கில் அளந்து கல்தூண்களை நடச் செய்தார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கி.மு. 20இல் பேரரசர் அகஸ்டஸ் ரோமின் பொதுச்சதுக்கத்தில் பொன்மைல்கல் ஒன்றை நிறுவினார். தூரத்தைக் கணக்கிடக் கருவியும் உண்டு. கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ் தன் நூலின் பத்தாம் பகுதியில் அதை விளக்குகிறார். வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுக்கு பன்னிரண்டரை அடி நகரும். 400 சுற்றுக்கு ஒரு மைல். அப்போது பல்சக்கரம் திரும்பி ஒரு கூழாங்கல்லைப் பாத்திரத்தில் போடும். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் தூரம் தெரியும்.

நாம் மைல்கல் என்று சொல்லும்போது, கல் நம்முடையது, மைல் அந்த ரோமானியச் சிப்பாயின் நடை.

அளந்தவரும் இழந்தவரும்

சாலையை அளப்பதில் யாருக்கும் நட்டமில்லை. நிலத்தை அளப்பது வேறு கதை.

லத்தீனில் யூகும் என்றால் நுகத்தடி. ஒரு சோடி எருது ஒரு நாளில் உழக்கூடிய நிலம் யூகெரும் என்று பிளினி விளக்குகிறார். 240 அடி நீளம், 120 அடி அகலம். இன்றைய கணக்கில் கால் ஹெக்டேர். பெயர் உழவனுடையது. ஆனால் ரோமானிய நில அளவையாளர் கையில் அது வேறொன்றாக ஆனது. குரோமா என்ற கருவி, ஒரு கம்பத்தின்மேல் சிலுவைபோல நான்கு கைகள், ஒவ்வொன்றிலும் தொங்கும் தூக்குக்குண்டு. அதை வைத்து நேர்கோடும் செங்கோணமும் பிடித்து, வென்ற நாட்டைச் சதுரங்கப் பலகை போல வெட்டினார்கள். 200 யூகெரும் கொண்ட சதுரம் ஒரு செந்தூரியா, பக்கத்துக்கு ஏறத்தாழ 710 மீட்டர். வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் இன்றும் வானிலிருந்து பார்த்தால் வயல் வரப்புகளும் பாதைகளும் அந்தக் கட்டங்களைப் பின்பற்றுவது தெரியும்.

தென் பிரான்சில் ஒராஞ்ச் என்ற நகரம் இருக்கிறது. அங்கு கிடைத்த பளிங்குத் துண்டுகள் ஒரு நிலப்பதிவேடு. கி.பி. 77இல் பேரரசர் வெஸ்பாசியன், முன்பு படைவீரர்களுக்காக ஒதுக்கப்பட்டுப் பின்னர் தனியார் கைக்குப் போன பொதுநிலத்தை மீட்க ஆணையிட்டார். அந்த ஆணையோடு தொடர்புடையவை இந்தப் பளிங்கு வரைபடங்கள். கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறது: இத்தனை யூகெரும் குடியேறியவர்களுக்கு, இத்தனை நகரத்துக்கு வாடகை தருவது, இத்தனை திரிகாஸ்தினி மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. திரிகாஸ்தினி அந்த மண்ணின் பூர்வ குடிகள். அவர்களுக்குத் "திருப்பித் தரப்பட்ட" நிலம் பெரும்பாலும் விளைச்சல் குறைந்த எஞ்சிய நிலம்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு யூகெருமும் சரியாக அளக்கப்பட்டிருக்கிறது. ஒரு சமூகம் தன் நிலத்தை இழந்த செய்தி, துல்லியமான எண்களில், நகரத்தில் பளிங்கில் எழுதி மாட்டப்பட்டிருந்தது. அளவு சரியாக இருப்பதும் பங்கு நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மிளகும் வெள்ளிக்காசும்

இந்த அளவைகள் நம் கரையையும் தொட்டிருக்கின்றன. பிளினி ரோமின் விலைப்பட்டியல் ஒன்றைத் தருகிறார்: ஒரு லிப்ரா திப்பிலி 15 தெனாரியுஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4. சேர நாட்டு முசிறியிலிருந்து போன மிளகு அங்கே லிப்ராவில் நிறுக்கப்பட்டது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், ஒரு கோயில் வளாகத்தில், இந்திய மட்பாண்டம் ஒன்றில் ஏழரை கிலோவுக்கு மேல் கருமிளகு அகழாய்வில் அப்படியே கிடைத்தது.

பதிலுக்கு வந்தது காசு. கரூர், கோவைப் பகுதிகளில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், திபேரியுஸ் காலத்தவை மிகுதி. ஒரு லிப்ரா வெள்ளியிலிருந்து அப்போது 84 தெனாரியுஸ் அடித்தார்கள். கி.பி. 64இல் நீரோ அதை 96 ஆக்கினார். அதே முகமதிப்பு, குறைந்த வெள்ளி. அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசுகள் நம் பக்கம் மிகக் குறைவு. நம் வணிகர்கள் காசில் இருந்த முகத்தைப் பார்க்காமல் எடையைப் பார்த்தார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த பொற்காசுப் புதையலில் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே வெட்டுக்கோடு போட்டிருந்தது. ரோமில் அது பேரரசரின் திருமுகம். இங்கே நிறுத்து வாங்கும் பொன்.

பேரரசு போன பிறகு

மேற்கில் ரோமானிய ஆட்சி ஐந்தாம் நூற்றாண்டில் சரிந்தது. யூப்பிட்டர் கோயிலின் மூலக்கலம் போனது. காவல் போனதும் ஊருக்கு ஓர் அடி, ஊருக்கு ஒரு பவுண்டு என்று ஆனது. பெயர் மட்டும் எங்கும் ஒன்றாக இருந்தது, அளவு வேறாக இருந்தது.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு என்று வகுத்தார். லிப்ரா, சொலிதுஸ், தெனாரியுஸ் என்ற மூன்று பெயர்கள் மறுபடியும் கணக்கேட்டில் ஏறின. பிரிட்டனில் பவுண்டு, ஷில்லிங், பென்னி மூன்றையும் எல், எஸ், டி என்று சுருக்கி எழுதியது இந்தப் பெயர்களால்தான். பென்னிக்கு டி என்ற எழுத்து ஏன் என்று குழம்பிய பள்ளிப்பிள்ளைகளுக்கு விடை தெனாரியுஸ். அந்தக் கணக்கு 1971 பிப்ரவரி 15 வரை நீடித்தது. தெனாரியுஸின் இன்னொரு கிளை அரபு நாடுகளில் தினார் ஆனது. குவைத்திலும் பஹ்ரைனிலும் சம்பளம் வாங்கும் நம் மக்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் எண்ணுகிறார்கள்.

மைலுக்கு வேறொரு சோதனை வந்தது. ரோமானிய மைல் 8 ஸ்தாதியும், 5000 அடி. இங்கிலாந்து உழவர்கள் நிலத்தைப் பர்லாங்கில் அளந்தார்கள். ஏர் ஒரே மூச்சில் போகும் சாலின் நீளம் அது, 660 அடி. மைலுக்கு 8 பர்லாங்கு என்றால் 5280 அடி வருகிறது. இரண்டில் ஒன்று வளைய வேண்டும். பர்லாங்கை மாற்றினால் நாட்டின் நிலப்பத்திரங்கள் எல்லாம் மாறும். 1593இல் எலிசபெத் ராணியின் காலத்தில், லண்டன் வாயில்களிலிருந்து 3 மைலுக்குள் புதிய வீடு கட்டுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. அதில் மைலுக்கு 8 பர்லாங்கு என்று எழுதினார்கள். ரோமானிய மைல் 280 அடி நீண்டது. சட்டம் உழவனுக்கு வளைந்துகொடுத்தது.

காரட், பவுன், இறாத்தல்

நம் வீடுகளுக்கு வருவோம். நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் சொலிதுஸ் என்ற பொற்காசை நிலைநிறுத்தினார். ஒரு லிப்ராவுக்கு 72 காசு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.5 கிராம். அதற்குள் 24 சிறு எடைகள். கிரேக்கத்தில் அதற்குக் கெராதியோன் என்று பெயர். கரோப் மரத்தின் விதை. அரபியில் அது கீராத் ஆனது, ஐரோப்பாவில் காரட் ஆனது. முழுக்காசும் பொன்னாக இருந்தால் 24 பங்கு பொன். இரண்டு பங்கு வேறு உலோகம் கலந்தால் 22 காரட். 24 என்ற எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்தக் காசே பதில்.

பவுன்? ரோமானியர்கள் எடையைச் சொல்லும்போது லிப்ரா போந்தோ என்பார்கள். போந்தோ என்றால் "நிறையால்". ஆங்கிலம் இரண்டாம் சொல்லை எடுத்துக்கொண்டு பவுண்டு ஆக்கியது. சுருக்கி எழுதும்போது மட்டும் முதற்சொல்லின் எல், பி எழுத்துகளை வைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் ஒரு பவுண்டு பொற்காசு சவரன், 22 காரட், எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதுவே நம் பவுன். பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறீர்கள் என்று கேட்கும்போது, அந்தக் கேள்வியின் பாரம் முழுதும் நம்முடையது. சொல் மட்டும் லத்தீன்.

இறாத்தல் இன்னும் சுவையானது. லிப்ராவின் உறவுச்சொல் கிரேக்கத்தின் லித்ரா. அது அரமேய மொழி வழியே எழுத்து இடம்மாறி அரபியில் ரத்ல் ஆனது. அரபியிலிருந்து போர்த்துக்கீசியருக்கு அர்ராத்தெல். இரு வணிகர்களும் நம் துறைமுகங்களுக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் "ஒரு இறாத்தல் பாண்" என்று கேட்பவர் வாயில் இருக்கும் பாண், லத்தீன் பானிஸ் போர்த்துக்கீசியத்தில் தேய்ந்து வந்த வடிவம். கடைக்காரரிடம் அவர் கேட்கும் இரண்டு பெயர்ச்சொற்களின் வேரும் மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கின்றன. அந்த லித்ராவின் இன்னொரு வழித்தோன்றல் நம் பால் லிட்டர்.

ஒரு கட்டுக்கதை

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ரயில் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி எட்டரை அங்குலமாக இருப்பதற்குக் காரணம் ரோமானியத் தேர்களை இழுத்த இரண்டு குதிரைகளின் பின்புற அகலம் என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் சுற்றும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த அகலம் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க வண்டிப்பாதைகளிலிருந்து ஜார்ஜ் ஸ்டீபன்சன் எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் வேறு பல அகலங்களும் இருந்தன. 1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம்தான் ஒன்றைத் தேர்ந்து சட்டமாக்கியது. ரோமிலிருந்து அங்கே தொடரும் ஆணை ஏதும் கிடையாது. குதிரை இழுக்கும் வண்டி எந்த நாட்டிலும் ஏறத்தாழ அதே அகலம்தான் வரும். ஒப்புமை வேறு, வழிவழி வருவது வேறு. சொற்களுக்கு நாம் தடம் காட்டமுடிகிறது. தண்டவாளத்துக்கு முடியாது.

ஆயிரம் தலைகீழானது

ஊருக்கு ஓர் அளவு என்ற குழப்பத்துக்கு முடிவுகட்ட, 1795இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு மீட்டர் முறையைச் சட்டமாக்கியது. மன்னனின் பாதமும் வேண்டாம், ரோமின் பாதமும் வேண்டாம், பூமியின் சுற்றளவே அடிப்படை என்றார்கள். ஆனால் பெயர் வைக்கும்போது மறுபடியும் லத்தீனிடம் போனார்கள். பெருக்கத்துக்குக் கிரேக்கம், பகுப்புக்கு லத்தீன் என்று பிரித்தார்கள். அதனால் ஆயிரம் என்று பொருள்பட்ட மில்லே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றாகத் தலைகீழானது. சிப்பாயின் ஆயிரம் நடையைக் குறித்த அதே சொல் இன்று இருமல் மருந்தை அளக்கிறது.

மக்கள் உடனே ஏற்கவும் இல்லை. 1812இல் நெப்போலியன் பழைய பெயர்களுக்கு இடம்கொடுத்தார். அரைக் கிலோவை லீவ்ர், அதாவது லிப்ரா, என்று சொல்லலாம் என்றார். 1840இல்தான் மீட்டர் முறை மறுபடியும் கட்டாயமானது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அளவை யாருடையது? நிறுவுவது அதிகாரம். ஆஸ்கன் பெயர்களைச் சுரண்டியதும், திரிகாஸ்தினி நிலத்தைக் கட்டம்போட்டதும் அதிகாரம். ஆனால் 29.6 சென்டிமீட்டர் பாதத்தை இன்று உலகில் யாரும் பயன்படுத்துவதில்லை. லிப்ராவின் 327 கிராமும் இல்லை. ஆணையாகப் போடப்பட்ட அளவுகள் ஆணையிட்டவர்களோடு போய்விட்டன. நீடித்தவை வேறு: பன்னிரண்டில் ஒன்று என்ற ஒரு கணக்குப் பழக்கம், இருபத்துநான்கு பங்கு பொன் என்ற ஒரு நம்பிக்கை, வணிகர்கள் வாய்வழியே கடல்கடந்த சில சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பேரரசின் பெயரைக்கூட நினைப்பதில்லை.

கடைசியாக ஒரு சொல். கான்ஸ்டன்டைனின் காசுகளைச் சரிபார்க்கும் எடைக்கல்லுக்கு எக்ஸாகியும் என்று பெயர், நிறுத்துப்பார்த்தல். அந்தச் சொல் பிரெஞ்சில் எஸ்ஸே ஆகி, 1580இல் மொந்தேன் வெளியிட்ட நூலுக்குத் தலைப்பானது. நாம் கட்டுரை என்று எழுதும் வடிவத்துக்கு ஐரோப்பா வைத்திருக்கும் பெயர் அது. தராசில் வைத்து நிறுத்துப்பார்ப்பது, கள்ள எடை இல்லாமல். நம் எழுத்துக்கும் அந்தச் சோதனை பொருந்தும் என்று நினைக்கிறேன்.